பல்லாவரத்துக் கல்லும் கடல்கொண்ட கண்டமும்

பல்லாவரம் என்றவுடன் எங்கள் நண்பர் குழுவில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முதலாம் மகேந்திரவர்மரின் குடைவரைதான். இன்று தர்காவாக விளங்கும் அந்தக் குடைவரையில் பொறிக்கப்பட்டுள்ள விருதுப்பெயர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அப்பெயர்களுள் எது தமிழ், எது தெலுங்கு, எதற்கு என்ன பொருள் என்று எங்களுக்குள் சண்டையிட்டுமிருக்கிறோம். ஆனால் அதே ஊரில், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியிலிருந்து மனிதக் கை செதுக்கிய ஒரு கல் எடுக்கப்பட்டது என்பதும், இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு முழுவதும் அந்தக் குழியிலிருந்துதான் தொடங்குகிறது என்பதும் எங்களுள் பாதிப்பேருக்கு மிக அண்மைக்காலம் வரை தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பொருட்படுத்தியதில்லை. கல் என்றால் எங்களுக்குக் கல்வெட்டு, அல்லது நடுகல், அல்லது கற்றளி. எழுத்தும் இல்லாமல் உருவமும் இல்லாமல் கிடக்கும் கல் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அந்தக் கல்லை எடுத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். அவர் ஒரு கல்லைப் பார்த்ததும் 'இது இயற்கையாக உடைந்ததன்று, செதுக்கப்பட்டது' என்று அறிந்துகொண்டதன் பின்னால் ஒரு சூழல் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர்தான், 1859இல், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கோடரிகள் அழிந்துபோன யானையினங்களின் எலும்புகளோடு ஒரே அடுக்கில் கிடந்தவை என்பதை இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து ஏற்றுக்கொண்டிருந்தனர். டார்வினின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். உலகம் அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்த ஒரு கேள்விக்கு, நான்கே ஆண்டுகளில் சென்னையின் புறநகரிலிருந்து ஒரு கல் விடை கூறியது. அதே 1863 செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரருகே ஓடைக்கரையில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டனர். தென்னாட்டுக் கற்கோடரி மரபுக்கே பின்னாளில் சென்னையின் பெயரால் 'மதராசியன்' என்று பெயரிட்டு உலக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட விரும்புகிறோம். பல்லாவரத்துக் கல் கிடைத்ததற்கு மறு ஆண்டு, 1864இல், ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரில் வாழ்கிறது, அதன் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுகின்றன, இடையிலோ பெருங்கடல். இதை விளக்க, முன்னொரு காலத்தில் கடலுக்கு மேல் இருந்து பின்னர் மூழ்கிய ஒரு கண்டத்தை அவர் கற்பித்து, அதற்கு 'லெமூரியா' என்று பெயரும் சூட்டினார். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் அக்கண்டத்தையே மனித இனத்தின் தொட்டிலாக ஆக்கினார். அதன்பின் அது நம் கைக்கு வந்து குமரிக்கண்டம் ஆயிற்று.

ஓராண்டு இடைவெளியில் இரண்டு செய்திகள். ஒன்று, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கல். மற்றொன்று, ஒரு விலங்கின் பரவலை விளக்கக் கற்பித்த கண்டம். தமிழ் கற்ற நாம் எதைத் தேர்ந்துகொண்டோம்? பள்ளிப் பருவத்தில் குமரிக்கண்டத்தின் படத்தை நோட்டுப்புத்தகத்தில் வரைந்து பார்க்காதவர் எங்களுள் எவரும் இல்லை. பல்லாவரத்தை வரைந்தவர் ஒருவரும் இல்லை!

கண்டங்கள் நகர்கின்றன என்னும் உண்மை 1960களில் நிலவியலில் நிலைபெற்ற பின்னர் ஸ்க்லேட்டரின் கண்டத்துக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை. அதுவும் ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர் என்ற பேச்சுக்கே இடமில்லாத காலத்தில். இதைச் சொல்லும்போது சிலப்பதிகாரத்திலும் இறையனார் களவியல் உரையிலும் வரும் கடல்கோள் செய்திகளையெல்லாம் பொய் என்று தள்ளுவதாக வாசகர்கள் கொள்ளலாகாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. குமரிமுனைக்கு அப்பாலும் பாக் நீரிணையிலும் இன்று நீருக்கடியில் உள்ள நிலம் அன்று கால் நடக்கும் தரையாக இருந்தது. கடல் கொண்ட கடற்கரை ஊர்களின் நினைவு ஒரு மொழியின் இலக்கியத்தில் தங்குவது இயல்பே. ஆனால் கரையோர நிலம் வேறு, கண்டம் வேறு.

அத்திரம்பாக்கத்துக்குத் திரும்புவோம். ஃபூட்டுக்குப் பின்னர் பலர் அங்கே உழைத்திருக்கிறார்கள். 1930களில் வி. டி. கிருஷ்ணசாமி கொற்றலைப் பள்ளத்தாக்கின் ஆற்றுப் படிநிலைகளையும் கருவிகளையும் இணைத்து ஆராய்ந்தார். 1960களில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் கே. டி. பானர்ஜி அகழ்ந்தார். 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து அகழ்ந்து வந்தனர். அவர்களுடைய பணியில் எங்களை மிகவும் கவர்ந்தது ஓர் எளிய செய்தி. அவ்விடத்தில் சரளை அடுக்குகளுக்கு அடியில் ஒரு களிமண் அடுக்கு உண்டு. அது டைனோசர் காலத்துப் பாறைப்படிவம், அதற்குக் கீழே மனிதச் சுவடு இருக்க வழியில்லை என்று முன்னோர் கருதியிருந்தனர். புதிய குழுவினர் அந்தக் களிமண்ணையும் தோண்டினர். உள்ளே கற்கோடரிகள் இருந்தன. அடித்தளம் என்று நூறாண்டுக்கு மேலாக நம்பப்பட்டது, உண்மையில் கதையின் முதல் பக்கமாக இருந்தது.

அந்தக் களிமண்ணின் காலத்தை எவ்வாறு கணித்தார்கள் என்பதைச் சற்றே விரித்துச் சொல்கிறோம். 'அறிவியலாளர்கள் கூறுகிறார்கள்' என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம்தான் நம்மிடையே வீண்பேச்சுக்கு இடம் தருகிறது. நிலப்பரப்பில் கிடக்கும் கல்லின்மீது விண்வெளிக் கதிர்கள் ஓயாமல் படுகின்றன. அதனால் கல்லிலுள்ள குவார்ட்ஸ் மணிகளில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு தனிமங்கள் மிகச் சிறிய அளவில் உருவாகின்றன. கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டுவதில்லை. புதிதாக எதுவும் உருவாவதில்லை. இருப்பது தேயத் தொடங்குகிறது. இரண்டில் அலுமினியம் விரைந்து தேயும், பெரிலியம் ஏறக்குறைய அதன் பாதி வேகத்தில் தேயும். இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது புலப்படும். இன்னொரு சான்றும் உண்டு. பூமியின் காந்தத் திசை ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தலைகீழாகத் திரும்பி இன்றைய நிலைக்கு வந்தது. அத்திரம்பாக்கத்துக் களிமண்ணின் துகள்கள் அதற்கு முந்தைய திசையைக் காட்டுகின்றன. இவ்விரு வழிகளிலும் கிடைத்த முடிவு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது: அக்கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள், எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது.

பதினைந்து லட்சம் ஆண்டுகளை ஆயிரம் பக்க நூலாக எண்ணிக்கொள்வோம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றிலிருந்து இன்றுவரையுள்ள காலம் முழுவதும் அந்நூலின் கடைசி இரண்டு பக்கங்களைக்கூட நிரப்பாது. சங்கப் புலவர்களும் ஆழ்வார்களும் நாயன்மார்களும் கம்பரும் பாரதியும் நாமும் அந்த இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறோம்.

ஆகவேதான் அண்மையில் எங்களுக்கு வந்த ஓர் அழைப்பிதழைக் கண்டு வருந்தினோம். 'பதினைந்து லட்சம் ஆண்டுத் தமிழன்' என்பது அந்தச் சொற்பொழிவின் தலைப்பு. பேச்சாளர் எங்கள் மதிப்புக்குரியவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் கருத்தை மறுக்காமல் இருக்க இயலவில்லை.

அந்தக் கற்கோடரிகளைச் செதுக்கியவர் தமிழர் அல்லர். இந்தியரும் அல்லர். நம்மைப்போன்ற மனித இனமே அல்லர்! நம் இனத்தின் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய எலும்புகள் மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தாம். அத்திரம்பாக்கத்தில் சில விலங்குகளின் பற்கள் கிடைத்துள்ளனவே தவிர, கருவி செய்தவரின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் அத்தகைய தொன்மனிதரின் மண்டையோடு என்று சொல்லத்தக்கது 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனாகியா கண்டெடுத்தது ஒன்றே. அதுவும் அத்திரம்பாக்கத்துக்கு மிகவும் பிற்பட்டது. எலும்பே கிடைக்காத ஒருவருக்கு மொழியைக் கொடுத்து, குலத்தைக் கொடுத்து, மேடையேற்றி மாலை சூட்டுவது எவ்வகையில் தகும்?

2018இல் 'நேச்சர்' இதழில் அதே ஊரைப் பற்றி வெளிவந்த ஆய்வு இன்னொரு பேச்சுக்கு வழிவகுத்தது. கல்லை முன்கூட்டியே பல பக்கமும் தட்டி ஆயத்தப்படுத்திக்கொண்டு, இறுதியில் ஒரே அடியில் வேண்டிய வடிவச் சில்லைப் பெயர்த்தெடுக்கும் லெவல்லுவா என்னும் முறை அங்கே ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது என்பது அதன் முடிவு. அம்முறை இந்தியாவுக்குள் மிகவும் பிற்காலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தாரோடு வந்தது என்ற முந்தைய கருத்தை இது அசைத்தது உண்மை. உடனே 'மனிதன் ஆப்பிரிக்காவில் தோன்றவில்லை, தமிழகத்தில்தான் தோன்றினான்' என்று முழக்கம் எழுந்தது. ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு தொழில்நுட்பம் எங்கே எப்போது இருந்தது என்பது ஒரு செய்தி. ஓர் இனம் எங்கே தோன்றியது என்பது வேறொரு செய்தி. வெண்பா எழுதத் தெரிந்தவரெல்லாம் ஒரே குடும்பத்தினர் ஆவரோ?

இவ்விடத்தில் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்திரம்பாக்கம் செல்லும் வழியில் வண்டிக்குள் எங்கள் நண்பர் ஒருவர், 'அத்திரம் என்றால் படைக்கலம். அத்திரங்கள் கிடக்கும் பாக்கம் என்று ஊரார் அன்றே அறிந்து பெயரிட்டிருக்கிறார்கள்!' என்றார். அனைவரும் கைதட்டினோம். திரும்பி வரும்போதுதான், தரையில் கிடக்கும் அந்தக் கற்களை ஆயுதம் என்று 1863க்கு முன்னர் எவரும் கண்டதற்குச் சான்றில்லையே என்று இன்னொருவர் மெல்லக் கேட்டார். வண்டிக்குள் சிறிது நேரம் பேச்சில்லை. சொல்லாராய்ச்சி நமக்கு எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு ஆபத்தும் உடையது.

நம் குடியின் தொன்மையைப் பாட மேடைதோறும் எடுத்தாளப்படும் புறப்பொருள் வெண்பாமாலைப் பாடலின் கதையும் இதுவே. உலகில் கல்லும் மண்ணும் உண்டாகுமுன்பே தோன்றிய குடி என்று அதற்குப் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். கல்லென்பது மலை, மண்ணென்பது வயல் எனக் கொண்டு, உழவு தோன்றுமுன் மலைச்சார்பில் வாழ்ந்த குடியின் மறத்தைப் பாடியது என்று உரைப்பாரும் உளர். எங்களுக்கு இரண்டாவது பொருளே உகந்ததாகப் படுகிறது. அதில் பாடலின் அழகு குறையவில்லை. பொய் மட்டும் குறைகிறது.

எங்கள் கருத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு என்பதை அறிவோம். குழுவில் மூத்தவர் ஒருவரே அதைச் சொன்னார்: 'நம்முடையது என்ற உணர்வு இருந்தால்தான் மக்கள் காப்பார்கள். 2025 ஜனவரியில் சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்கிறது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது எத்தனை ஊர்களில் பேசினார்கள், பார்த்தீர்களா? பெருமிதம் இல்லாவிட்டால் அகழாய்வுக்குப் பணம் எங்கிருந்து வரும்? யாரோ ஓர் இனம், நம் மூதாதையும் அல்லர் என்று நீங்கள் சொன்னால், அந்த ஓடையை யார் காப்பாற்றுவார்கள், ஐயா?'

நியாயமான கேள்வி. எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆயினும் பெருமிதம் தன்னைப் புகழும் பொருளை மட்டுமே காக்கும் என்பது எங்கள் அச்சம். 'நாமே முதல்' என்பதுதான் ஒரு கல்லின் மதிப்பென்றால், வேறோர் இடத்தில் அதைவிடப் பழைய கல் கிடைத்த அன்றே அதன் மதிப்பு போய்விடும். கிடைத்தும் இருக்கிறது! கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2015இல் வெளியாயிற்று. அதே கென்யாவில் அத்திரம்பாக்கத்து வகைக் கற்கோடரிகளே ஏறத்தாழ 17 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையனவாகக் கிடைத்துள்ளன. பந்தயம் என்று வந்தால் நாம் என்றோ தோற்றாயிற்று. இனி என்ன, கற்களைத் தூர எறிந்துவிடலாமா?

பந்தயத்தை மறந்து அக்கருவியைக் கையில் ஏந்திப் பாருங்கள், வேறொன்று தெரியும். அது குவார்ட்சைட் என்னும் உறுதியான கல். நீர்த்துளி வடிவம்; ஒரு முனை கூர், மறுமுனை பருத்து உள்ளங்கைக்குள் அடங்குவது. இரு முகங்களிலும் மாறி மாறித் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்திருக்கிறார்கள். ஒரு தட்டு தட்டும்போதே அடுத்த பக்கத்தில் விழப்போகும் தட்டுக்கு விளிம்பு ஆயத்தமாகிறது. கோணம் சற்றுப் பிசகினால் கல் குறுக்கே முறியும். இவ்வளவுக்கும் அந்தக் களிமண் அடுக்கில் இக்கல் இயற்கையாகக் கிடையாது. வேறிடத்தில் பெரிய சில்லுகளாக உடைத்து, அங்கே சுமந்து வந்து, உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். நாளைய தேவையை இன்று எண்ணிய ஒரு மனம் அதில் இருக்கிறது. செய்யப்போகும் வடிவம் கல்லுக்குள் இருப்பதைக் கண்ட கண் இருக்கிறது. செய்முறையைப் பார்த்துப் பார்த்துக் கற்ற இளையவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒரே வடிவம் லட்சக்கணக்கான ஆண்டுகள் கைமாறி வந்திராது. நம் இனமே இல்லாத ஓர் உயிர் இவ்வளவும் செய்தது என்பதுதான் எங்களைத் திகைக்க வைக்கிறது. அவரைத் தமிழராக்கியவுடன் அந்தத் திகைப்பு போய், 'நம்மவர்தானே' என்ற அலட்சியம் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எங்களைச் சுடும் செய்தி. பல ஆண்டுகளுக்கு முன்பு, இவற்றையெல்லாம் அறியாத காலத்தில், பூண்டிப் பக்கம் சுற்றுலா சென்ற எங்களுள் ஒருவர் ஓர் ஓடைக்கரையில் அழகான கல் ஒன்றைக் கண்டார். பையில் போட்டுக்கொண்டு வந்தார். இன்றுவரை அது அவர் வீட்டுப் புத்தக அலமாரியில், காற்றில் தாள் பறக்காமல் இருக்க வைக்கும் கல்லாக இருந்து வந்திருக்கிறது. சென்ற மாதம் அவர் வீட்டில் கூடியபோதுதான் நாங்கள் அதை உற்றுப் பார்த்தோம். இருமுகமும் செதுக்கப்பட்ட கற்கோடரி, ஐயமில்லை.

அத்திரம்பாக்கத்துக் களிமண்ணிலிருந்து வந்த கல்லுக்குப் பேச வாய் உண்டு. எந்த ஆழம், எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்பவைதாம் அந்த வாய். அலமாரிக் கல்லுக்கு அது இல்லை. எத்தனை கோடி ரூபாய் மதிப்புள்ள கருவியைக் கொண்டு அளந்தாலும் அது எந்த அடுக்கில் துயின்றது என்பதை இனி எவரும் அறிய முடியாது. குமரிக்கண்டத்தை நம்பியதைக்கூட அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதை நாங்களே, எங்கள் கையால், அழகென்று எண்ணிச் செய்தோம். நாங்கள் மட்டுமா? பழமையை விரும்பும் எத்தனை வீடுகளில் பானையோடும் மணியும் கல்லும் காட்சிப்பொருளாக இருக்கின்றன என்பதை இதைப் படிக்கும் நண்பர்கள் அறிவார்கள். செப்புத்திருமேனி களவுபோனால் ஊரே கொதிக்கிறது. ஓடைக்கரையில் ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தால் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

என்ன செய்வது என்று அன்று நெடுநேரம் பேசினோம். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடலாம் என்றார் ஒருவர். சரியான இடம் நினைவில்லை. நினைவிருந்தாலும், தவறான இடத்தில் வைத்த கல் நாளை வரும் ஆய்வாளரை ஏமாற்றும். அது முதற் குற்றத்தினும் பெரியது. இறுதியில், பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருப்பதால், அங்கே கொண்டுபோய் உள்ளதை உள்ளபடி சொல்லி ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. கல்லோடு வைக்க ஒரு தாளும் எழுதினோம். எடுத்தவர் பெயர், எடுத்த ஆண்டு, ஏறத்தாழ எந்த ஊருக்கு அருகில் என்பவற்றை நண்பரே தம் கையால் நிரப்பினார். 'அடுக்கு' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைச் சற்று நிறுத்தி, பின்பு 'தெரியாது' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.